தடித்த சங்கிலியும் மெல்லிய சங்கிலியும்

நான் தவறாகச் சொன்ன ஒன்றைத் திருத்துவதற்காக ஒரு சாடி கடல்தண்ணீரைத் திருவனந்தபுரம் வரை பஸ்ஸில் கொண்டுபோயிருக்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பரிதாபமாக ஒரு முகம் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பரிதாபப்பட ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நெய்யூருக்கும் திங்கள்சந்தைக்கும் நடுவில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்தேன். திருவனந்தபுரத்தில் தாவர இயல் படித்துப் பட்டம் வாங்கியிருந்தேன். எங்கள் பக்கத்தில் அதைப் படித்த பெண்கள் அப்போது குறைவு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, உபதேசியார் மகள் பாசியைப் படித்திருக்கிறாளாம் என்று இரண்டு பேராவது கிட்டே வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

பள்ளியில் ஒரு பித்தளை மைக்ராஸ்கோப் இருந்தது. சீமையிலிருந்து யாரோ காணிக்கையாக அனுப்பியது. அதை இயக்கத் தெரிந்தவர் இல்லாததால் பல வருஷம் மரப்பெட்டிக்குள்ளேயே கிடந்து, கண்ணாடியில் பூஞ்சை படர்ந்திருந்தது. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, ஸ்பிரிட்டில் நனைத்து, ஒரு வாரம் பொறுமையாகத் துடைத்தேன். முதலில் பள்ளிக் குளத்துத் தண்ணீரைப் பார்த்தேன். பாடப்புத்தகத்தில் இருந்ததெல்லாம் அதில் இருந்தது. அதனாலேயே சீக்கிரம் அலுத்துவிட்டது. கடல் நாலு மைலில் இருக்கும்போது குளத்தையே ஏன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

குளச்சலிலிருந்து தினமும் மீன் சுமந்து வரும் பெண் ஒருத்தி பள்ளி வளாகத்துக்குள்ளும் வந்து போவாள். என் வயதுதான் இருக்கும். இரண்டு பிள்ளைகள். கணவன் கட்டுமரத்தில் போகிறவன். அவளிடம் இரண்டு மருந்துப் புட்டிகளைக் கொடுத்து, கடல்தண்ணீர் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

“கரை வெள்ளமா, உள்ள வெள்ளமா டீச்சர்?” என்றுதான் கேட்டாள். தண்ணீரை வெள்ளம் என்றுதான் எங்கள் பக்கத்தில் பலரும் சொல்வார்கள்; கரையோரத் தண்ணீரா, உள்கடல் தண்ணீரா என்பது அவள் கேள்வி.

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டும் கொண்டுவா என்றேன். இரண்டிலும் அதிகம் ஒன்றும் கிடைக்கவில்லை. பாசி வேண்டும் என்று விளக்கியபோது, பாசிக்கு ஏன் வெள்ளத்தைக் கேட்கிறீர்கள், அது கயிற்றில் அல்லவா பிடிக்கும் என்றாள். நங்கூரம் போட்டுக் கிடக்கும் வள்ளங்களின் கயிற்றில் பழுப்பாக ஒரு வழவழப்பு படியுமாம். கயிற்றைப் பிடித்து இழுக்கிறவர்களின் கை வழுக்குமாம். மறுநாள் அதை வழித்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்தாள்.

அந்த வழவழப்பில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்த காலையை என்னால் மறக்க முடியாது. பழுப்பும் பொன்னுமாக மணிகள் கோத்த சங்கிலிகள், ஒன்றின்மேல் ஒன்றாக, பார்வைக்குள் அடங்காத அளவுக்குக் கிடந்தன. ஒவ்வொரு மணியும் ஒரு தனிச் செல். பள்ளியின் முதல் மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. வகுப்புப் பெண் ஒருத்தி வந்து கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.

அவை டயாட்டம் என்ற வகைப் பாசி. ஒரே செல்தான் அதன் முழு உடல். கடலில் கரைந்திருக்கும் சிலிக்காவை, அதாவது மணலும் கண்ணாடியும் எதனால் ஆனதோ அதை, எடுத்துத் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓடு இரண்டு பாதி. மூடிபோட்ட ஓலைப்பெட்டியில் மூடி அடிப்பெட்டியின்மேல் சற்று இறங்கி உட்காருமே, அதுபோல ஒரு பாதி மற்றதன்மேல் உட்கார்ந்திருக்கும். செல் இரண்டாகப் பிரியும்போது மூடி ஒன்றுக்கும் அடிப்பெட்டி மற்றதுக்கும் போகும். இரண்டு பிள்ளைகளும் தமக்குக் கிடைத்த பாதியை மூடியாக வைத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும்படி இன்னொரு பாதியைப் புதிதாகக் கட்டும். தாயின் மூடியைப் பெற்ற பிள்ளை தாயின் அளவிலேயே இருக்கும். அடிப்பெட்டியைப் பெற்றது ஒரு மயிரிழை சிறுத்துப்போகும். கல்போல இறுகியதால் அந்த ஓடு பிறகு அகலமாகவும் செய்யாது. இப்படியே தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துக்கொண்டு போய், ஒரு கட்டத்தில் ஓட்டைக் கழற்றி வெளியே வந்து, உப்பிப் பெரிதாகி, பழைய அளவில் புது ஓடு கட்டும் என்று புத்தகம் சொன்னது. நான் அதைப் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள். கண்ணால் பார்த்ததில்லை.

புரட்டாசியில் வந்த பாசியில் சங்கிலிகள் தடிப்பாக இருந்தன. தை மாதம் அவள் வேறொரு வள்ளத்தின் கயிற்றிலிருந்து கொண்டுவந்த பாசியில் சங்கிலிகள் மெல்லியவை. பாதி அகலம்கூட இல்லை. மணியின் வடிவமும் எனக்குக் கொஞ்சம் வேறாகத் தெரிந்தது. மைக்ராஸ்கோப்பின் கண்ணாடிக்குள் கோடு போட்ட ஒரு சிறு அளவுகோல் உண்டு. அதைக்கொண்டு நூற்றுக்கணக்கான மணிகளை அளந்தேன். தடித்தவை ஒரு பக்கம், மெல்லியவை ஒரு பக்கம். நடு அளவில் ஒன்றும் இல்லை.

படிப்படியாகச் சிறுத்திருந்தால் நடுவில் எல்லா அளவும் இருக்க வேண்டும் அல்லவா? இல்லாததால் இவை இரண்டு வெவ்வேறு இனங்கள் என்று முடிவு செய்தேன். திருவனந்தபுரத்தில் எனக்குக் கற்பித்த பேராசிரியருக்குப் படங்களோடு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு கயிற்றுப் பாசியையும் தனித்தனியாக அனுப்பிவைத்தேன். என் கடிதத்தில் சந்தேகம் என்ற சொல்லே கிடையாது.

அவர் கவனமான மனிதர். ஓட்டின்மேல் உள்ள நுண்ணிய புள்ளிகள் தெரிவதற்காக, டயாட்டம்களை அமிலத்தில் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்துதான் பார்ப்பார். அப்படிப் பார்த்து, அவரும் இரண்டு அளவு என்றுதான் கண்டார். மெல்லியதை இதுவரை யாரும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை என்றும், பங்குனிக் கடைசியில் சென்னையில் கூடும் விஞ்ஞானிகளின் கூட்டத்தில் அதைப் புது இனமாக அறிவிக்கப்போவதாகவும் பதில் எழுதினார். இனத்தின் பெயரில் குளச்சல் வரும்படி செய்யலாம் என்றும் ஒரு வரி இருந்தது.

அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. எங்கள் தலைமையாசிரியை சீமையிலிருந்து வந்த அம்மையார். கடிதத்தைக் காட்டியதும், காலை ஜெபக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அதை வாசித்துவிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த ஞாயிறு சபையிலும் செய்தி பரவியது. மீன்காரப் பெண்ணிடம், உங்கள் ஊர்ப் பெயர் புத்தகத்தில் வரப்போகிறது என்றேன். கையை வழுக்கிவிடுகிற பாசிக்கா என்று அவள் சிரித்தாள்.

பேராசிரியருக்கு உயிருள்ள மெல்லிய சங்கிலி வேண்டுமென்றால் கையில் இருக்கட்டும் என்று, தை மாதமே ஒரு காரியம் செய்திருந்தேன். கண்ணாடிக் குழலை ஸ்பிரிட் விளக்கில் காட்டி, மயிர்போல இழுத்து, அதைக்கொண்டு ஒரே ஒரு மெல்லிய சங்கிலியைத் துளியிலிருந்து உறிஞ்சி எடுத்தேன். வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்த கடல்தண்ணீர் உள்ள சாடியில் அதை விட்டேன். தோட்டத்து மண்ணை வேகவைத்து இறுத்த தண்ணீரையும் கொஞ்சம் சேர்த்தேன். பாசிக்கு அது உணவு. வெயில் நேராக விழாத வடக்கு ஜன்னலில் வைத்தேன். மூன்றாவது வாரத்தில் சாடியின் அடியில் பழுப்பு படரத் தொடங்கியது. மெல்லியது என்றைக்கும் மெல்லியதாகவே இருக்கும் என்று காட்ட அந்தச் சாடியே சாட்சி என்று நினைத்தேன்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விட்ட பிறகு, சாடி எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு துளி எடுத்தேன். வேறு எண்ணம் எதுவும் இல்லை. மெல்லிய சங்கிலிகள் வழக்கம்போலக் கிடந்தன. ஆனால் சிலவற்றின் நடுவில் உருண்டையாக ஏதோ இருந்தது. சங்கிலியைவிட இரண்டு மடங்கு அகலம். முதலில் தூசி என்றும், பிறகு வேறு ஏதோ பிராணியின் முட்டை என்றும் நினைத்தேன். கண்ணாடித் துண்டை நகர்த்தினேன். இன்னொரு சங்கிலியில் ஒரு மணியின் இரண்டு பாதியும் விலகி நின்றன. விலகிய இடத்தில் உள்ளிருந்த பொன்னிறம் வெளியே வந்து, மெல்லிய தோல் ஒன்றைப் போர்த்திக்கொண்டு உப்பியிருந்தது. விலகிய ஓட்டின் ஒரு பாதி அதன் தலையில் தொப்பிபோல ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்னும் தேடினேன். வெளிச்சம் போவதற்குள் எனக்கு வேண்டாதது கிடைத்தது. ஒரு மெல்லிய சங்கிலி. அதன் முனையில் உப்பிய உருண்டை. அந்த உருண்டைக்குள் புதிதாக ஓடு கட்டி, அது பிரிந்து, தடித்த மணிகள் மூன்று வரிசையாக. ஒரே சங்கிலியில் ஒரு பாதி மெல்லியது, மறு பாதி தடித்தது. புரட்டாசியில் நான் பார்த்த தடித்த சங்கிலி அதுவேதான். வடிவம், கோடு, எல்லாம் அப்படியே.

சாடியில் நான் விட்டது ஒரே ஒரு மெல்லிய சங்கிலி. வெளியிலிருந்து தடித்தது வந்து சேர வழியில்லை. வந்து சேர்ந்திருந்தாலும் முனையோடு முனை ஒட்டிக்கொள்ளாது. இரண்டும் ஒன்றுதான்.

நடு அளவு ஏன் கிடைக்கவில்லை என்பதும் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே விளங்கிவிட்டது. ஒரு கயிற்றில் படிந்த பாசி ஏறக்குறைய ஒரே குடும்பம். எங்கிருந்தோ வந்து ஒட்டிய சில சங்கிலிகளிலிருந்து பெருகியது. எல்லாம் ஒரே அளவில் இருக்கும். நான் இரண்டு கயிறுகளைப் பார்த்துவிட்டுக் கடலையே பார்த்துவிட்டதாக எண்ணியிருந்தேன்.

வெட்கம் ஒரு மணி நேரம் இருந்தது. ஜெபக் கூட்டத்தில் கைதட்டிய பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக வந்து போயிற்று. சபையில் என் கையைப் பிடித்துக் குலுக்கிய பெரியவர்கள் வந்துபோனார்கள். பிறகு அந்தச் சங்கிலியைத் திரும்பவும் பார்த்தேன். புத்தகத்தில் இரண்டு வரியாக இருந்ததை நான் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த உருண்டை அவ்வளவு ஒழுங்காக இருந்தது. கல் ஓட்டைக் கழற்றிவிட்டு, மெல்லிய தோலோடு, எந்தக் காவலும் இல்லாமல் உப்பி நின்று, தனக்கு வேண்டிய அளவு வந்த பிறகு மறுபடி கல் ஓடு கட்டியிருக்கிறது. வெட்கத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

பேராசிரியர் திங்கட்கிழமை மாலை ரயிலில் சென்னைக்குப் புறப்படுகிறார் என்பது தெரியும். தலைமையாசிரியையிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர், ஒரு கடிதம் போதாதா என்றார். நான் முன்பு எழுதிய கடிதம் அவ்வளவு உறுதியாக இருந்தது, இப்போது எழுதுவதை எந்த உறுதியில் நம்புவார் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, நாளை சனிக்கிழமை என்பதால் விடுப்பும் தேவையில்லை, போய்வா என்றார்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். ஊர் ஊராக நடந்து உபதேசம் செய்து ஓய்வுபெற்றவர் அவர். பாசியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தவறாகச் சாட்சி சொல்லிவிட்டாயா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

“அப்போ போவத்தான் வேணும் மக்களே. நானும் வாறேன்” என்றார். மகளை மக்களே என்றுதான் எங்கள் பக்கத்து அப்பாக்கள் கூப்பிடுவார்கள்.

சனிக்கிழமை காலை சாடியை வாய்வரை நிரப்பி, தக்கை வைத்து இறுக்கி, துணியில் சுற்றிப் பள்ளி முற்றத்தில் வைத்திருந்தேன். மீன்காரப் பெண் தலையிலிருந்த மீன் கடவத்தை இறக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கே கொண்டுபோகிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

“இப்பிடி மூடிக்கிட்டுப் போனா அங்க போய்ச் சேர்றதுக்குள்ள நாறிப்போவும் டீச்சர்” என்றாள். “வாய்க்குத் துணி கெட்டுங்க. ஒரு பெட்டியில நனைஞ்ச மணலு போட்டு அதுக்குள்ள சாடியைப் பொதைச்சு வையுங்க. மட்டிச் சிப்பியை நாங்க அப்பிடித்தான் தூரத்துக்குக் கொண்டுபோவோம். ஆடாது, சூடும் ஏறாது.”

அவளே பள்ளித் தோட்டத்திலிருந்து மணல் அள்ளி, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி நனைத்து, என் துணிப்பெட்டியைக் காலிசெய்து சாடியைப் பதித்துக் கொடுத்தாள். சாடியிலிருந்து ஒரு பங்கு தண்ணீரை, அடியில் படிந்த பாசியோடு, அவள் சொன்னபடி வேறொரு புட்டியில் எடுத்து ஜன்னலில் வைத்தேன். கொண்டுபோவது செத்தாலும் இது இருக்கும். அது எனக்குத் தோன்றாத யோசனை.

வில்வண்டியில் அழகியமண்டபம் போய் அங்கே பஸ் ஏறினோம். பெட்டியைப் பார்த்ததும் கண்டக்டர், மூட்டையெல்லாம் மேலே என்றார். அப்பா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அசையவில்லை. மேலே வைத்தால் வெயிலில் செத்துப்போகும் என்றார். என்ன சாகும் என்று கண்டக்டர் கேட்டார். பாசி என்று சொன்ன அப்பா, பொய் சொல்லத் தெரியாதவராதலால், கடல்தண்ணீரில் இருக்கிற பாசி என்று விவரமாகவும் சொன்னார்.

“உபதேசியாரே, திருவனந்தபுரத்துல கடலு இல்லியா?” என்றார் கண்டக்டர். பஸ் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். பெட்டி மடியிலேயே இருந்தது. மார்த்தாண்டம் தாண்டும்போது நான் வாங்கி வைத்துக்கொண்டேன். பாறசாலையில் எஞ்சின் சூடேறி அரை மணி நேரம் நின்றோம். அப்பா இறங்கிப் போய் ஒரு கடையில் தண்ணீர் வாங்கி மணல்மேல் தெளித்தார். திருவனந்தபுரத்தில் இறங்கியபோது அவர் வேட்டி முன்பக்கம் முழுதும் நனைந்து மணலாக இருந்தது. அப்படியே கல்லூரிக்கு வந்தார்.

பேராசிரியர் தம் அறையில் கட்டுரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். அப்பாவுக்கு நாற்காலி போட்டார். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: ஒட்டிய சங்கிலி எங்கே?

அதைக் காட்ட முடியாமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. ஒரு துளி வைத்தேன். தனித்தனியாகத் தடித்தவையும் மெல்லியவையும் தெரிந்தன. ஒட்டியது ஒன்றும் இல்லை. பயணத்தில் குலுங்கியதில் முறிந்திருக்கலாம். இரண்டாவது துளி, மூன்றாவது துளி. பேராசிரியர் தம் மேஜைக்குத் திரும்பிவிட்டார். அப்பா நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்குகிறாரா ஜெபிக்கிறாரா என்று தெரியவில்லை. உருண்டைகள் கிடைத்தன; அவற்றைக் காட்டினேன். பேராசிரியர் பார்த்துவிட்டு, இது எதன் உருண்டை என்று எப்படித் தெரியும் என்றார். நியாயமான கேள்வி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன்.

எத்தனை துளி வைத்தேன் என்று எண்ணவில்லை. சாடியைக் கலக்காமல், அடியில் படிந்ததை அப்படியே குழலால் மெதுவாக எடுக்க வேண்டும் என்பது வெகுநேரத்துக்குப் பிறகுதான் உறைத்தது. அவசரத்தில் ஒவ்வொரு முறையும் கலக்கிக்கொண்டிருந்தேன். மெதுவாக எடுத்த இரண்டாவது துளியில் அது இருந்தது. வெள்ளிக்கிழமை பார்த்ததைவிடத் தெளிவாக. மெல்லிய மணிகள் ஒன்பது, உருண்டையின் தொப்பி, அதற்கப்பால் தடித்த மணிகள் நாலு. மேற்கு ஜன்னலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நான் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். சங்கிலியின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை கண்ணாடித் துண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ஊசியால் கண்ணாடியின் ஓரத்தை மெதுவாகத் தட்டிப் பார்த்தார்; சங்கிலி முழுவதும் ஒன்றாகவே அசைந்தது.

“நான் அமிலத்தில் போட்டல்லவா பார்த்தேன்” என்றார் கடைசியில். “அதில் எல்லாம் பிரிந்துவிடுமே. மணி மணியாகத்தான் பார்த்தேன். சங்கிலியைப் பார்க்கவே இல்லை.”

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“கடிதம் எழுதியிருக்கலாமே, அம்மா?”

“எழுதினால் நம்பியிருப்பீர்களா, சார்?”

“மாட்டேன்” என்றார்.

பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் என் முன்னால் வைத்து, வெளிச்சம் போவதற்குள் வரைந்துவிடு என்றார். வரைந்தேன். வரையும்போது அவர் பக்கத்தில் நின்று, தொப்பியின் விளிம்பு இன்னும் கொஞ்சம் சாய்வு, அந்த மூன்றாவது மணியின் உள்ளே புதுச் சுவர் தொடங்குகிறது, விட்டுவிடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். கட்டுரையில் மெல்லிய இனத்தைப் பற்றிய பக்கங்களை எடுத்துத் தனியாக மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். கிழிக்கவில்லை. முகத்தில் ஏமாற்றம் இருந்தது; அதை அவர் மறைக்கவும் இல்லை. புது இனம் ஒன்றை அறிவிப்பது அவருக்கும் தினமும் கிடைக்கிற வாய்ப்பு அல்ல. அன்றிரவு எங்களை அவர் வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். அப்பாவுக்கு அவருடைய வேட்டி ஒன்று கிடைத்தது.

திங்கட்கிழமை காலை ஜெபக் கூட்டத்தில் பேச அனுமதி கேட்டேன். தலைமையாசிரியை மறுத்திருந்தால் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். அவர் மறுக்கவில்லை. புது இனம் என்று சொன்னது தவறு, அது பழைய இனம்தான், சிறுத்த காலத்தில் நான் அதைப் பார்த்துவிட்டேன் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். கரும்பலகையில் ஒட்டிய சங்கிலியை வரைந்து காட்டினேன். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் படத்தைப் பார்த்தார்கள். அந்த வாரம் சாப்பாட்டு வேளையில் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் நின்ற அளவு வரிசை அதற்கு முன் என்றைக்கும் நின்றதில்லை. சிரித்த இருவரில் ஒருத்தி அந்த வரிசையில் இருந்தாள்.

சபையில் சிலருக்குப் புரியவைக்க முடியவில்லை. பெயர் போய்விட்டதா, பாவம் என்றார்கள். சரி என்று கேட்டுக்கொண்டேன்.

சென்னையிலிருந்து பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. பேராசிரியர் கூட்டத்தில் எழுந்து, அறிவிப்பதாக இருந்த இனத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், காரணம் இந்தப் படம் என்று சொல்லி, என் தாளைச் சுவரில் மாட்டினாராம். எந்த உணவில் வளர்த்தாள், எத்தனை நாளில் உப்பியது, சாடியில் எத்தனை பங்கு சங்கிலிகள் மாறின என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். பாதிக்கு மேல் அவரால் பதில் சொல்ல முடியவில்லையாம். அந்தக் கேள்விகளையெல்லாம் எழுதி, நீதான் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு அனுப்பியிருந்தார்.

அடுத்த இரண்டு வருஷம் அந்தக் கேள்விகளோடுதான் போனது. ஜன்னலில் வைத்திருந்த புட்டியிலிருந்து ஆறு சாடிகள் உண்டாயின. உப்பி எழுந்த தடித்த சங்கிலி ஒன்றைத் தனியாக எடுத்து, வாரத்துக்கு ஒருமுறை அளந்து, அது சிறுத்துக்கொண்டே வருவதைத் தொடர்ந்து பார்த்தேன். கடல் எனக்குக் காட்டாத நடு அளவுகள் எல்லாம் சாடியில் வந்தன. எல்லாச் சங்கிலியும் திரும்பப் பெரிதாவதில்லை என்றும் கண்டேன். உரிய அளவு வரும்போது உப்பாமல் தவறியவை, மேலும் சிறுத்து, ஓடு கோணலாகி, அப்படியே செத்துப்போயின. இரண்டு சாடிகள் அப்படி முழுதும் போயின. அளந்ததையெல்லாம் சேர்த்து ஒரு சிறிய கட்டுரை வந்தது. பேராசிரியர் என் பெயரை முதலில் போட்டிருந்தார். அச்சில் என் தலைப்பெழுத்தைத் தவறாகப் போட்டுவிட்டார்கள். அப்பா அதை மையால் திருத்திப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

மீன்காரப் பெண்ணுக்கு மைக்ராஸ்கோப்பைக் காட்டுவதற்கு ஏனோ எனக்கு அதுவரை தோன்றவில்லை. கட்டுரை வந்த வாரத்தில்தான் கூப்பிட்டேன். ஈரக் கையோடு தொடலாமா என்று தயங்கினாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றாள். பிறகு முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

“இதா அந்த வழுக்கல்?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

“இந்தப் பெருசு இந்தச் சின்னதுக்க உள்ளேருந்தா வந்துது?”

அதற்கும் ஆமாம் என்றேன். எப்போது வெளியே வர வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். சென்னையில் கூடிய யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. ஒரு அளவுக்குக் கீழே போனால் வருகிறது என்று அளந்து காட்டியிருக்கிறேன், அளவு வந்துவிட்டதை அது எப்படி அறிகிறது என்பது எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரிந்திருப்பதாகவும் நான் படிக்கவில்லை என்று சொன்னேன்.

அவள் தலையாட்டிவிட்டு மறுபடி குனிந்து பார்த்தாள். முற்றத்தில் அவள் கடவத்தைச் சுற்றிக் காகங்கள் கூடிவிட்டன. நான் போய் அவற்றை விரட்டிக்கொண்டு நின்றேன்.